அலமாரிக்கு ஏற்ற மரம் எது?

பள்ளிக்கூடமாயினும், வட்டார வளர்ச்சி அலுவலகமாயினும், ஆரம்ப சுகாதார நிலையமாயினும் அலமாரி இல்லாத இடம் இல்லை. புத்தகங்களும் பதிவேடுகளும் விஞ்ஞானக் கருவிகளும் மருந்துகளும் அதனுள்ளேயே பாதுகாக்கப்படுகின்றன. புதிதாக ஓர் அலமாரி தேவைப்படும்போது, விலை எவ்வளவு, எத்தனை நாள் உழைக்கும், பார்வைக்கு எப்படியிருக்கும் என்னும் மூன்று கேள்விகள் சாதாரணமாகக் கேட்கப்படுகின்றன. இவை நியாயமான கேள்விகளே. ஆயினும், அந்தப் பலகை எங்கிருந்து வந்தது, அதனோடு சேர்ந்துள்ள மருந்தும் பசையும் எத்தகையவை என்று கேட்போர் மிகச் சிலரே. தொலைவிலுள்ள காட்டின் நிலையும், அலமாரிக்கு அருகில் நாள்தோறும் அமர்ந்திருக்கும் குழந்தைகள் சுவாசிக்கும் காற்றின் தூய்மையும் இக்கேள்விகளையே சார்ந்துள்ளன.

தேக்கு நல்லது, ஒட்டுப்பலகை கெட்டது என்றோ, மரமே வேண்டாம், இரும்பே போதும் என்றோ ஒரே வாக்கியத்தில் தீர்ப்புக் கூறிவிடுவது எளிது, ஆனால் சரியன்று. தோட்டத்தில் நட்டு வளர்த்த தேக்கும், இயற்கைக் காட்டில் அனுமதியின்றி வெட்டிய தேக்கும் தச்சரின் கைக்கு வரும்போது ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். அவற்றால் இயற்கைக்கு நேரும் விளைவோ முற்றிலும் வேறானது. ஆகவே மரத்தின் பெயரைக் காட்டிலும் அதன் வரலாறே முக்கியமானது. அவ்வரலாற்றை நான்கு கேள்விகளாகப் பிரித்துக்கொள்ளலாம். மரம் எங்கே வளர்ந்தது? அது கெடாமலிருக்க எம்மருந்து ஏற்றப்பட்டது? பலகை எப்பசையால் ஒட்டப்பட்டது? செய்து முடித்த அலமாரி எத்தனை ஆண்டுகள் நிற்கும்?

மரத்தை விலக்குவதா, தேர்ந்தெடுப்பதா?

காடுகள் குறைந்துவருவதைக் கண்டு, மத்திய பொதுப்பணித் துறை 1993ஆம் ஆண்டில் தன் கட்டட வேலைகளில் மரத்தை உபயோகிப்பதற்குத் தடை விதித்தது. மரத்திற்குப் பதிலாக இரும்பும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் இடம்பெற்றன. 2020ஆம் ஆண்டில் இத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட 27 ஆண்டுகளில் இரண்டு உண்மைகள் தெளிவாயின. முதலாவது, மாற்றுப் பொருள்கள் தீங்கற்றவை அல்ல. இரும்பையும் அலுமினியத்தையும் உருக்கியெடுக்க ஏராளமான நிலக்கரியும் மின்சாரமும் செலவாகின்றன. இரண்டாவது, மரத்தை வாங்குவோர் இல்லாவிடில் விவசாயி மரம் நடுவதற்குக் காரணமும் இல்லாமற்போகும்.

இங்கே கரியமில வாயுவின் கணக்கையும் நினைவில் வைக்க வேண்டும். நன்கு உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பனாகும். இக்கார்பன் முழுவதும் மரம் வளரும் காலத்தில் காற்றிலிருந்து பெற்றதே. ஓர் அலமாரியில் 40 கிலோகிராம் உலர்ந்த மரம் இருப்பதாகக் கொண்டால், அதில் ஏறக்குறைய 20 கிலோகிராம் கார்பன் அடங்கியுள்ளது. இது 73 கிலோகிராம் கரியமில வாயுவுக்குச் சமம். அலமாரி நிற்கும்வரை இந்தக் கார்பன் அதனுள்ளேயே கட்டுண்டு கிடக்கும். மரம் மக்கினாலும் எரிந்தாலும் மீண்டும் காற்றில் கலந்துவிடும். ஆனால் இக்கணக்கு நன்மையாக முடிய வேண்டுமானால், வெட்டிய மரத்தின் இடத்தில் வேறொரு மரம் வளர வேண்டும். காட்டை அழித்துச் செய்த அலமாரிக்கு இந்த நியாயம் பொருந்தாது.

காட்டு மரமும் கழனி மரமும்

1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, மரத்தை மூலப்பொருளாகக் கொண்ட தொழிற்சாலைகள் தமக்கு வேண்டிய மரத்தைக் காட்டிலிருந்து எதிர்பாராமல், மரம் வளர்ப்போருடன் நேரடித் தொடர்பு கொண்டு பெறவேண்டுமென வற்புறுத்தியது. 1996ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, அங்கீகரிக்கப்பட்ட செயல்திட்டமின்றிக் காடுகளில் மரம் வெட்டுவதை நிறுத்தியது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே செல்வதையும் தடுத்தது. இதனால் ஒட்டுப்பலகைத் தொழில், காட்டை விட்டுக் கழனியை நாடும்படி நேர்ந்தது.

ஹரியானா மாநிலத்தின் யமுனாநகர் இம்மாற்றத்திற்குத் தக்க சான்றாகும். அவ்வூர் ஆலைகளுக்கு வேண்டிய பாப்லார் மரம் ஹரியானா, பஞ்சாப், மேற்கு உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளின் வயல்களில் விளைகிறது. வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் குளிர்காலத்தில் இலைகளை உதிர்த்துவிடும். அதே பருவத்தில் அடியில் வளரும் கோதுமைப் பயிருக்கு வெயில் தடையின்றிக் கிடைக்கிறது. ஏறக்குறைய 6 முதல் 8 ஆண்டுகளில் மரம் வெட்டத் தகுதி பெறுகிறது. ஒரே நிலத்தில் உணவும் மரமும் விளைவிக்கும் இத்தகைய முறைகளுக்கென்றே 2014ஆம் ஆண்டில் தேசிய வேளாண் காடு வளர்ப்புக் கொள்கை வகுக்கப்பட்டது. வயலில் வளர்ந்த பாப்லார், தைலமரம், மலைவேம்பு, காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக நட்ட சவுக்குச் சில்வர் ஓக், காய்ப்பு ஓய்ந்த மாமரம் ஆகியவற்றால் செய்த பலகையை வாங்குவோர், ஒரு வகையில் விவசாயியின் அடுத்த நடவுக்கு முன்பணம் கொடுக்கின்றனர் எனலாம்.

தேக்கை முற்றிலும் விலக்க வேண்டியதில்லை. கேரளத்தின் நிலம்பூரில் 1840களிலேயே தேக்குத் தோட்டம் நடும் பணி தொடங்கிற்று. இன்று தோட்டங்களிலிருந்தும் தனியார் நிலங்களிலிருந்தும் தேக்கு கிடைக்கிறது. ரசீதும், மாநில விதிகளின்படி தேவையானபோது போக்குவரத்து அனுமதிச் சீட்டும் உள்ள மரத்தையே வாங்குதல் வேண்டும்.

ஒட்டுப்பலகை வாங்கும்போது மற்றொரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். பலகையின் உட்புற அடுக்குகள் கழனியில் விளைந்த பாப்லாராகவோ தைலமரமாகவோ இருக்கலாம். ஆனால் அழகுக்காக மேலே ஒட்டப்படும் மெல்லிய முகத்தகடு, தென்கிழக்கு ஆசியக் காடுகளின் குர்ஜன் மரத்தினாலோ, மத்திய ஆப்பிரிக்கக் காடுகளின் ஒக்கூமே மரத்தினாலோ ஆனதாக இருப்பதுண்டு. ஒரு மில்லிமீட்டர் கனமும் இல்லாத அத்தகட்டின் பின்னே ஒரு பெருங்காட்டின் கதை மறைந்திருக்கக்கூடும். எனவே உள்ளடுக்கைப் பற்றி மட்டுமின்றி முகத்தகட்டைப் பற்றியும் விசாரிப்பது நலம். முறைப்படி பராமரிக்கப்படும் காடுகளுக்கும் தோட்டங்களுக்கும் சான்றளிக்க, 1993ஆம் ஆண்டில் தோன்றிய வனப் பொறுப்புக் குழுவின் முத்திரை பல நாடுகளில் வழங்கிவருகிறது. இந்தியாவுக்கெனத் தனியே, இந்திய வன மற்றும் மரச் சான்றிதழ்த் திட்டம் 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தால் தொடங்கப்பட்டது.

விறகாக எரிந்த ரப்பர் மரம்

அலமாரிக்கு ஏற்ற மரங்களுள் ரப்பர் மரத்தின் வரலாறு சிறப்பாக அறியத்தக்கது. பிரேசில் நாட்டைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் கேரளத்திலும், கன்னியாகுமரி மாவட்டத்திலும், திரிபுராவிலும் பெருமளவில் பயிரிடப்படுகிறது. நட்ட ஏழாம் ஆண்டளவில் பால் வடிக்கத் தொடங்குவர். ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகள் கடந்தபின் பால் குறைந்துவிடுவதால், மரத்தை வெட்டிவிட்டுப் புதுக்கன்று நடுவது தோட்டக்காரரின் வழக்கம். அதாவது, மரம் வேண்டுமென்று யாரும் கேளாவிட்டாலும் ரப்பர் மரம் வெட்டப்படத்தான் போகிறது. அலமாரிக்காக அதை உபயோகிப்பதால் கூடுதலாக ஒரு மரமும் வீழ்வதில்லை. இதுவே அதன் தனிச்சிறப்பு.

அவ்வாறிருந்தும் நெடுங்காலம் இம்மரம் அடுப்புக்கும் செங்கற்சூளைக்கும் விறகாகவும், சரக்குப் பெட்டிகளாகவுமே பயன்பட்டது. அதற்குக் காரணம் மரத்தின் வலிமைக் குறைவன்று. ரப்பர் மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரைச் சத்தும் மிகுதி. வெட்டிய சில நாள்களிலேயே நீலக்கறை உண்டாக்கும் பூசணம் அதில் படர்ந்துவிடும். பின்னர் உளு எனப்படும் துளைவண்டுகள் புகுந்து, மரத்தை மாவாக அரித்துக் கொட்டிவிடும். தேக்கின் வைரப் பகுதியில் இயற்கையாகவே அமைந்துள்ள காப்புப் பொருள்கள் ரப்பர் மரத்தில் இல்லை.

டேராடூன் வன ஆராய்ச்சி நிலையம், மரக்கட்டைகளை மண்ணில் நட்டுவைத்து அவை அழியும் காலத்தைக் கணக்கிட்டு மூன்று தரங்களாகப் பிரித்துள்ளது. 120 மாதங்களுக்கு மேல் நிற்பவை முதல் தரம். 60 முதல் 120 மாதங்கள் நிற்பவை இரண்டாம் தரம். 60 மாதங்களுக்குள் அழிபவை மூன்றாம் தரம். தேக்கு முதல் தரத்தையும், ரப்பர் மரமும் மாமரமும் மூன்றாம் தரத்தையும் சேர்ந்தவை. ஆனால் அலமாரி மண்ணில் புதைந்து நிற்பதில்லை. உலர்ந்த அறையினுள் நிற்கும் பொருளுக்கு மூன்றாம் தர மரமும், தக்க மருந்தேற்றினால், முற்றிலும் போதுமானது. முதல் தர மரத்தை அலமாரியின் பின்பலகைக்கும் செலவிடுவது வீண் செலவேயாகும்.

ஆஸ்குவும் வெங்காரமும்

மரத்திற்கு மருந்தேற்றும் கலையில் இந்தியாவின் பங்கு பெரிது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி சொந்தி காமேசன் 1933ஆம் ஆண்டளவில், தாமிரம், குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றின் உப்புகளைச் சேர்த்து ஒரு காப்பு மருந்தைக் கண்டுபிடித்தார். ஆர்சனிக், தாமிரம் ஆகிய தனிமங்களின் குறியீடுகளை இணைத்து அதற்கு ஆஸ்கு என்று பெயர் வழங்கலாயிற்று. மழையில் கரையாமல் மரத்திலேயே பிணைந்து நிற்கும் குணத்தால் அது உலகெங்கும் பரவி, மின்கம்பங்களையும் ரயில் கட்டைகளையும் காத்தது. ஆயினும் ஆர்சனிக் நஞ்சாகும். இம்மருந்தேற்றிய மரத்தை எரித்தால் புகையிலும் சாம்பலிலும் அந்நஞ்சு தங்கும். இக்காரணத்தால் அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் இறுதியுடன், வீடுகளுக்கான பெரும்பாலான மரவகைகளில் இம்மருந்தை உபயோகிப்பது கைவிடப்பட்டது. திறந்த வெளியில் நிற்கும் கம்பத்திற்கு ஏற்ற மருந்து, வகுப்பறை அலமாரிக்கும் ஏற்றதாகாது என்பது இதிலிருந்து பெறப்படும்.

அறையினுள் நிற்கும் பொருள்களுக்குப் போரான் உப்புகளே தக்கவை. இவற்றுள் முக்கியமானது, நாட்டு மருந்துக் கடைகளில் வெங்காரம் என்ற பெயரில் கிடைக்கும் போராக்ஸ். வெங்காரத்தையும் போரிக் அமிலத்தையும் நீரில் கரைத்து மரத்தினுள் ஏற்றினால் பூசணமும் உளுவும் அணுகா. மனிதருக்கு இவற்றால் நேரும் தீங்கு ஆர்சனிக்கைக் காட்டிலும் மிகக் குறைவு. எனினும் இவையும் உட்கொள்ளத்தக்கவை அல்ல. மருந்தேற்றிய பலகையை அறுக்கும்போது தூளைச் சுவாசியாமல் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். போரான் உப்புகள் நீரில் கரைந்து வெளியேறும் இயல்புடையவை. ஆதலால் மழைபடும் இடத்திற்கும் ஈரத் தரைக்கும் இம்மரம் ஏற்றதன்று.

மருந்தேற்றும் முறை வருமாறு. அறுத்த பலகைகளைக் காலதாமதமின்றி ஓர் இரும்பு உருளைக்குள் அடுக்கி, முதலில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெளியேற்றுவர். பின்னர் மருந்துக் கரைசலை உட்செலுத்தி அழுத்தம் கொடுப்பர். வெற்றிடமாகியிருந்த மர நாளங்களுக்குள் மருந்து ஆழமாகச் சென்று தங்கும். அடுத்து உலர் சூளையில் வைத்து ஈரத்தைக் குறைப்பர். அத்தகைய உருளை இல்லாத சிறு மரவாடிகளில், பச்சைப் பலகைகளைக் கரைசலில் முக்கியெடுத்து, நெருக்கமாக அடுக்கிப் பிளாஸ்டிக் தாளால் மூடிச் சில வாரங்கள் வைப்பதுண்டு. மரத்தின் ஈரத்தின் வழியாகவே மருந்து மெல்ல மெல்ல உள்ளே பரவிவிடும். பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம் முதலிய நிறுவனங்களின் ஆராய்ச்சியால் இம்முறைகள் செம்மையுற்றன. விறகு விலைக்குப் போன மரம் இன்று நாற்காலியாகவும் மேசையாகவும் அலமாரிக் கதவாகவும் விலைபோவதற்கு இதுவே அடிப்படை. சிறு துண்டுகளும் வீணாவதில்லை. கைவிரல்களைக் கோத்ததுபோல் முனைகளைப் பல்வெட்டி இணைத்து அகலமான பலகைகளாக ஆக்கப்படுகின்றன.

பசையின் குணம்

ஒட்டுப்பலகை, துகள் பலகை, எம்.டி.எப். எனப்படும் நார்ப்பலகை ஆகியவற்றில் மரத்திற்கு இணையான முக்கியத்துவம் பசைக்கும் உண்டு. மெல்லிய தகடுகளையும், மரத்தூளையும், கரும்புச் சக்கையையும் பலகையாக்குவது சிக்கனமே. வேறு வழியில் வீணாகும் பொருள் இதனால் உபயோகத்திற்கு வருகிறது. ஆனால் துகள் பலகையிலும் நார்ப்பலகையிலும் எடையில் பத்தில் ஒரு பங்குவரை பசையாக இருக்கக்கூடும்.

இப்பலகைகளில் பெரும்பாலும் உபயோகிப்பது யூரியா பார்மால்டிஹைடு பசை. இது விலை குறைந்தது, வெளிறிய நிறமுடையது. வெப்பமும் ஈரமும் மிகும்போது இப்பசை சிறிது சிறிதாகச் சிதைந்து, பார்மால்டிஹைடு வாயுவை வெளியிடும். புதிய அலமாரியைத் திறந்தவுடன் மூக்கைத் துளைக்கும் நெடியும் கண் எரிச்சலும் உண்டாவது இதனாலேயே. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2004ஆம் ஆண்டில் இவ்வாயுவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது. உட்புறக் காற்றில் இதன் அளவு, அரைமணி நேரச் சராசரியில், ஒரு கனமீட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது அந்த ஸ்தாபனம் 2010ஆம் ஆண்டில் வகுத்த வரம்பு. ஜன்னல்கள் மூடிய சிறு அறையில், வெயில் மிகுந்த பருவத்தில், புதிய பலகைகள் பல ஒருசேர இருக்குமானால் இவ்வரம்பு மீறப்பட இடமுண்டு.

பீனால் பார்மால்டிஹைடு பசை இதனினும் உறுதியானது. நீராலும் வெப்பத்தாலும் எளிதில் சிதையாதாகையால் வாயு வெளிப்படுவதும் மிகக் குறைவு. பலகையின் ஓரத்தில் ஒட்டு வரி கருஞ்சிவப்பாகத் தோன்றினால், பெரும்பாலும் அது இப்பசையே. கடைக்காரர் எம்.ஆர். ரகம் என்று கூறுவது சாதாரணமாக யூரியாப் பசையாலும், பி.டபிள்யூ.ஆர். ரகம் என்று கூறுவது பீனால் பசையாலும் ஆனதாக இருக்கும். பொது உபயோக ஒட்டுப்பலகைக்கு ஐ.எஸ். 303, கடற்கலங்களுக்கான ஒட்டுப்பலகைக்கு ஐ.எஸ். 710, துகள் பலகைக்கு ஐ.எஸ். 3087, நார்ப்பலகைக்கு ஐ.எஸ். 12406 என்பவை இந்தியத் தர நிர்ணய எண்கள். கடற்கலப் பலகை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் ஒட்டு விடாமல் இருக்க வேண்டும். உலர்ந்த அறையில் நிற்கும் அலமாரிக்கு அவ்வளவு விலையுயர்ந்த பலகை தேவையில்லை. வாயு வெளியீட்டைக் குறிக்கும் ஈ-1 என்ற தரக்குறியீடோ, அதனினும் கடுமையான குறியீடோ உள்ள பலகையைக் கேட்டு வாங்குவதே இங்கு முக்கியம்.

ஏற்கெனவே வாங்கிவிட்ட அலமாரியைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அறுத்த ஓரங்கள், திருகாணித் துளைகள், பின்பக்கம் ஆகியவற்றின் வழியாகவே வாயு மிகுதியாக வெளியேறுகிறது. அவ்விடங்களை வார்னிஷ் பூசியோ விளிம்புப்பட்டை ஒட்டியோ மூட வேண்டும். புதிய அலமாரியை முதற்சில வாரங்கள் கதவுகளைத் திறந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தபின்னரே வகுப்பறைக்குக் கொண்டுவருதல் நன்று. பின்பலகைக்கு மூங்கில் பாய்ப்பலகையும் ஏற்றது. பெங்களூரில் நடந்த ஒட்டுப்பலகை ஆராய்ச்சியின் பயனாக உருவான இப்பலகை, கையால் முடைந்த மூங்கிற்பாய்களைப் பீனால் பசையால் அழுத்தி ஒட்டிச் செய்வது. முடைவோருக்கு ஊரிலேயே வேலை கிடைப்பதும் இதன் பயன்.

நீடித்து உழைத்தல்

எவ்வளவு நல்ல மரமாயினும், ஐந்தாண்டில் குப்பைக்குப் போகுமானால் அது இயற்கைக்கு உகந்த பொருளாகாது. இருபது ஆண்டு நிற்கும் ஓர் அலமாரி, ஐந்தாண்டு நிற்கும் நான்கு அலமாரிகளின் வேலையைச் செய்து, மூன்று அலமாரிகளுக்குரிய மரத்தை மிச்சப்படுத்துகிறது. இந்த ஆயுளை நிர்ணயிப்பவை முக்கியமாக மூன்று.

முதலாவது, ஈரம். அலமாரி மரத்தின் ஈரம் ஏறக்குறைய 8 முதல் 12 சதவிகிதத்திற்குள் இருத்தல் நலம். வறண்ட ராஜஸ்தானுக்கும் ஈரம் மிக்க கடற்கரைக்கும் ஒரே அளவு பொருந்தாது, ஐ.எஸ். 287 என்னும் தர நிர்ணயம் இதற்காகவே நாட்டை நான்கு தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்துள்ளது. பச்சை மரத்தில் செய்த கதவு பின்னர் சுருங்கி, வளைந்து, பூட்டுப் பொருந்தாமற் போகும். ஆண்டு வளையங்களின் போக்கில் மரம் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. அகலமான கதவுப் பலகையைச் சட்டத்தின் பள்ளத்தில் ஆணியடிக்காமல் தளர்வாகப் பொருத்தும் நம் தச்சரின் பழைய வழக்கம் இவ்வுண்மையை அறிந்து ஏற்பட்டதே.

இரண்டாவது, தட்டின் நீளமும் கனமும். ஒரே மரத்தில் 12 மில்லிமீட்டர் கனமுள்ள தட்டைவிட 19 மில்லிமீட்டர் கனமுள்ள தட்டு ஏறக்குறைய நான்கு மடங்கு விறைப்பானது. தட்டு முழுவதும் ஒரே சீராகப் புத்தகங்களை அடுக்கினால், 60 சென்டிமீட்டர் நீளத் தட்டு தொய்வதைப்போல் 90 சென்டிமீட்டர் நீளத் தட்டு ஐந்து மடங்கு தொய்யும். ஆகவே அகன்ற அலமாரிக்கு நடுவில் ஒரு நிறுத்துப் பலகை வைப்பது, விலையுயர்ந்த மரத்தை வாங்குவதினும் சிக்கனமானது. துகள் பலகையில் இத்தொய்வு இன்னும் மிகுதி. கனமான புத்தகத் தட்டுகளுக்கு அது ஏற்றதன்று.

மூன்றாவது, பழுதுபார்க்கும் வசதி. கழுந்தும் துளையுமாகக் கோத்த சட்டத்தையும், திருகாணியால் முடுக்கிய கீலையும் கழற்றித் திருத்தலாம். துகள் பலகையில் ஒருமுறை பிடிவிட்ட திருகாணி மீண்டும் அதே துளையில் நிற்பது அரிது.

இடித்த வீடுகளின் உத்தரமும் கதவும் ஜன்னலும் மரவாடிகளில் கிடைக்கின்றன. பல்லாண்டு உலர்ந்து நிலைபெற்ற இம்மரத்தில் அலமாரி செய்வது எல்லாவற்றிலும் மேலானது. இதற்காக ஒரு மரமும் புதிதாக வீழ்வதில்லை. ஆனால் பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். வீட்டு உபயோக வர்ணங்களில் ஈயத்தின் அளவை பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதிகள் 2016ஆம் ஆண்டில்தான் வகுக்கப்பட்டன. பழைய வர்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூளாக்காமல், நனைத்துச் சுரண்டி, குழந்தைகள் இல்லாத இடத்தில் அகற்ற வேண்டும். அலுவலகத்தில் நன்னிலையிலுள்ள பழைய மர அலமாரியும் இரும்பு அலமாரியும் இருக்குமானால், அவற்றைப் பழுதுபார்த்து உபயோகிப்பதே முதல் வழி.

வகுப்பறையில் செய்யத்தக்க சோதனைகள்

மேற்கூறியவற்றுள் சிலவற்றை மாணவர்களுக்கு நேரில் காட்ட இயலும். ஈரத்தை அளக்க ஒரு சிறு மரத்துண்டை நிறுத்து, 103 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள உலர் அடுப்பில் எடை மாறாத நிலை வரும்வரை வைத்து மீண்டும் நிறுக்க வேண்டும். முதலில் 120 கிராமும் பின்னர் 100 கிராமும் இருந்தால், ஈரம் 20 சதவிகிதம். அலமாரிக்கு அம்மரம் இன்னும் தயாராகவில்லை.

ரப்பர் மரத்தின் சீவலில் ஒரு துளி அயோடின் கரைசலை இட்டால், மாவுச்சத்து இருக்குமிடம் கருநீலமாகும். தேக்கின் வைரச் சீவலில் இம்மாற்றம் தோன்றாது. உளு எதனை நாடி வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

போரான் மருந்து ஏறியுள்ளதா என்பதை மஞ்சளைக் கொண்டு அறியலாம். மஞ்சள்தூளை எரிசாராயத்தில் ஊறவைத்து வடித்த சாற்றைப் பலகையின் புதிதாக அறுத்த முனையில் தடவி உலரவிட வேண்டும். அதன்மேல், எரிசாராயத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கலந்து, கரையுமளவு சாலிசிலிக் அமிலமும் சேர்த்த கரைசலைத் தடவினால், மருந்து சென்ற பகுதி சிவக்கும். மருந்தில்லாத பகுதி மஞ்சளாகவே நிற்கும். மஞ்சளும் வெங்காரமும் சேர்த்துக் குங்குமம் செய்யும் வழக்கத்தை அறிந்த மாணவர்களுக்கு இந்நிறமாற்றம் வியப்பளிக்காது. இரண்டு திரவங்களும் எளிதில் தீப்பற்றக்கூடியவையாதலால், ஆசிரியரே நெருப்பில்லாத இடத்தில் இச்சோதனையைச் செய்து காட்ட வேண்டும்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

களப்பணியாளரும் தலைமையாசிரியரும் அலமாரிக்கான விலைப்புள்ளி கோரும்போது சில விவரங்களை எழுத்தில் பெறுவது நலம். மரத்தின் இனமும் அது வளர்ந்த இடமும் யாவை? முகத்தகடு எம்மரத்தாலானது? ஏற்றப்பட்ட காப்பு மருந்து போரானா, வேறா? பலகையின் ஐ.எஸ். எண்ணும் தர முத்திரையும் உள்ளனவா? வாயு வெளியீட்டுத் தரம் என்ன? மரத்தின் ஈரம் எத்தனை சதவிகிதம்? இவற்றுக்கு விடை கூற இயலாத இடத்தில், விலை எவ்வளவு குறைவாயிருப்பினும், அவசரப்படாமல் வேறிடம் விசாரிக்க வேண்டும்.

இக்கேள்விகளை ஒருவர் மட்டும் கேட்டால் வியாபாரி பொருட்படுத்தாமல் இருக்கலாம். ஒரு மாவட்டத்தின் பள்ளிகளும் அலுவலகங்களும் தொடர்ந்து கேட்குமானால், மரவாடியும் ஆலையும் விடையைத் தயாராக வைத்திருக்கும். வயலோரத்தில் மரம் நட்ட விவசாயிக்கு விலை கிடைக்கும். பால் ஓய்ந்த ரப்பர் மரம் சூளைக்குப் போகாது. மழையை ஈர்த்து மண்ணைக் காக்கும் இயற்கைக் காடு தன் இடத்தில் நிற்கும்.